பொறுமை நமக்கு, பொறுப்பு யாருக்கு?

வருகைப்பதிவு குறைந்த மாணவிகள் பருவத்தேர்வுக்கு முன் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "தண்ணி லாரின்னு எழுதலாமா மேடம்?"

அவள் தெருவுக்கு லாரி வருவது காலை எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில். சரியாக எப்போது என்று யாருக்கும் தெரியாது. அம்மா வீட்டு வேலைக்கு ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். அண்ணன் வீட்டில்தான் இருந்தான். ஆனால் குடம் தூக்குவது அவன் வேலை என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. ஆகவே, முதல் மணி வகுப்பு அவளுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

"உடம்பு சரியில்லைன்னு எழுதும்மா. அதைத்தான் ஏத்துக்குவாங்க" என்றேன். அப்படியே எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் 'கண்டோனேஷன் ஃபீஸ்' கட்டினாள். கண்டோனேஷன் என்றால் மன்னித்தல். தண்ணீர் பிடித்த குற்றத்துக்கு ஒரு பெண் மன்னிப்புக் கட்டணம் கட்டினாள். நேரத்துக்குத் தண்ணீர் தராதவர்கள் யாருக்கும் எதுவும் கட்டவில்லை. யாரும் அவர்களிடம் ஒரு படிவம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பொய்யில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் 'பொறு' என்ற ஒரே வேரிலிருந்து பொறுமையும் வருகிறது, பொறுப்பும் வருகிறது. இரண்டும் சுமப்பதைக் குறிப்பவை. ஆனால் சுமை பிரிக்கப்பட்டபோது பொறுமை பெண்களுக்கு வந்தது. பொறுப்பு யாருக்குப் போனது என்பதுதான் என் கேள்வி. தண்ணீர் விஷயத்தில் பொறுப்பும் நமக்கே வந்துசேர்ந்திருக்கிறது. 'பொறுப்பான பெண்' என்றால் விடியுமுன் எழுந்து மோட்டார் போட்டு, குடம் நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் நாளை ஓட்டுபவள். 'பொறுப்பான அரசு' என்றால் என்ன என்பதற்கு இப்படித் தெளிவான விளக்கம் எதுவும் நம்மிடம் இல்லை.

*

சென்னையை எடுத்துக்கொள்கிறேன். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், மக்கள் வாயில் 'மெட்ரோ வாட்டர்', முழுக்க முழுக்கப் பொதுத்துறை நிறுவனம். அதற்கு முன்பு நகரின் குடிநீர் மாநகராட்சியின் கையில் இருந்தது. சட்டத்துக்குப் பின் மாநில அரசின் வாரியத்துக்குப் போனது. வாரியத்தின் தலைவர் துறை அமைச்சர். அன்றாட நிர்வாகம் இந்திய ஆட்சிப்பணி அதிகாரியான நிர்வாக இயக்குநரிடம்.

இதன் விளைவை ஒரு வார்டு கவுன்சிலரின் இடத்திலிருந்து பாருங்கள். 74ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஐந்தாவதாகக் குடிநீர் வழங்கல் இருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கி 2016இல் சட்டம் வந்தது. சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் பாதிக்கு மேல் இன்று பெண்கள். ஆனால் அந்தப் பெண் கவுன்சிலர் வீட்டு வாசலில் தெருவே காலிக்குடத்தோடு நின்றாலும் அவர் வாரியத்தின் பொறியாளரைக் கேட்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது. நமக்கு நாற்காலி கொடுத்தபோது குழாயின் திருகு வேறோர் அறையில் இருந்தது.

குடிநீர் ஒரே கையில் இருந்தாலாவது அந்தக் கையைப் பிடிக்கலாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளைப் பராமரிப்பது நீர்வளத்துறை. தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து அனுப்புவது வாரியம். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ அடுக்குமாடிக்குள் இருக்கும் குழாய் என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைக் கேட்க வேண்டும். கூவம் கரையிலிருந்து பெயர்த்து எடுத்துவரப்பட்ட ஒரு பெண், லிஃப்ட் நின்றுபோன நாளில் ஆறாவது மாடிக்குக் குடம் தூக்கிப் போகிறார் என்றால், அது யார் தவறு? ஏரிக்காரர் வாரியத்தைக் காட்டுவார். வாரியம் வாழ்விட வாரியத்தைக் காட்டும். வாழ்விட வாரியம் மின்வாரியத்தைக் காட்டும். எல்லா விரல்களும் வேறொருவரை நோக்கி நீண்டிருக்கும்போது குடம் அவர் இடுப்பிலேயே இருக்கும். இத்தனை துறைகளாகப் பிரித்துவைத்தது வேலை எளிதாக நடக்க என்கிறார்கள். நடைமுறையில் எளிதாவது தப்பிப்பதுதான்.

*

இந்த அரசுகளுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஏரிகளின் நீர்மட்டத்தை வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. எந்த ஏரியில் எத்தனை மில்லியன் கனஅடி, சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு, எவ்வளவு மழை, எவ்வளவு வரத்து எல்லாம் கிடைக்கும். மழைக்காலத்தில் செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போடுகின்றன. நல்ல வேலைதான்.

ஆனால் ஏரியில் நாம் யாரும் குடம் வைப்பதில்லை. நாம் குடம் வைக்கும் இடம் தெரு. நேற்று எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்தார்கள், எவ்வளவு நேரம் வந்தது, மேட்டில் இருக்கும் கடைசி வீட்டுக்கு ஏறியதா, லாரி எத்தனை நடை வந்தது, எந்த நடை வராமல் போனது, கடைசியாக எந்தத் தேதியில் அந்தத் தெருத் தண்ணீரைச் சோதித்தார்கள், குளோரின் எவ்வளவு இருந்தது? இந்தக் கணக்கை ஏரிக்கணக்கைப் போல் அன்றாடம் வெளியிடுவதில்லை. இதெல்லாம் அளக்க முடியாதவை அல்ல. திறப்பு வால்வைத் திருப்புபவர் ஒருவர் இருக்கிறார். லாரிக்கு நடைக்கணக்கில்தான் பணம் போகிறது. ஆகவே நடைக்கணக்கு கட்டாயம் இருக்கும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கத் தேவையான கணக்கு இருக்கிறது. தண்ணீர் வராத பெண் கேள்வி கேட்கத் தேவையான கணக்கு மட்டும் அவர் கைக்கு வருவதில்லை.

பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் மீட்டரும் கிடையாது. மீட்டர் என்றவுடன் 'கட்டணத்தை ஏற்றுவார்கள்' என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அளவு என்பது வாங்குபவரைக் கண்காணிக்க மட்டும் அல்ல, கொடுப்பவரைக் கண்காணிக்கவும்தான். வீட்டுக்கு மீட்டர் வைக்க அவசரப்படும் முன், ஒவ்வொரு தெருவின் தலைப்பிலும் ஒரு மீட்டர் வைத்து, அந்தத் தெருவுக்கு எவ்வளவு வந்தது என்று அந்தத் தெருவுக்கே சொல்லட்டும்.

*

அளவு என்ற சொல்லைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரங்களின் குடிநீர்த் திட்டங்களுக்கு அளவுகோலாக இருப்பது ஒன்றிய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்கிறது அது. பெருநகரங்களுக்கு 150. தெருக்குழாயில் பிடிப்பவருக்கு? 40 லிட்டர்.

தெருக்குழாயில் பிடிப்பவருக்கு உடம்பு சிறியதா? அவர் வீட்டில் மாதவிடாய் கிடையாதா, கைக்குழந்தை கிடையாதா, படுத்த படுக்கையாக மாமியார் கிடையாதா? 40 என்ற எண்ணின் பின்னால் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஒருவர் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது அவ்வளவுதான். தூக்க முடிந்த அளவு என்பதே தேவையான அளவாகக் கையேட்டில் ஏறிவிட்டது.

அந்த நாற்பதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் பதின்மூன்று, பதினான்கு குடம். எடையில் 200 கிலோ. மாதத்துக்கு ஆறாயிரம் கிலோ. இதைக் குழாய் சுமந்திருந்தால் அது வாரியத்தின் செலவு. பம்பு, மின்சாரம், ஆள் கூலி எல்லாம் கணக்கில் வரும். பெண் சுமந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. தெருமுனையில் நின்றுவிடும் குழாயை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் மிச்சக் குழாய் நம் இடுப்பும் கழுத்தும்தான். வாரியத்துக்கு அரசு கொடுக்கும் மானியத்தைப் பற்றிப் பொருளாதார வல்லுநர்கள் பேசுகிறார்கள். நாம் கொடுக்கும் மானியத்தைப் பற்றி யார் பேசுவது?

ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்றும் கணக்கிட்டது. தண்ணீர் வராத நாளில் இந்த நிமிடங்கள் எந்தப் பக்கம் கூடும் என்பதை விளக்கத் தேவையில்லை.

*

2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த வழங்கல் ஏறத்தாழ 52 கோடி லிட்டராகக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. ரயிலுக்கு வரவேற்பு நடந்தது. படங்கள் உலகமெங்கும் போயின. 'மழை பொய்த்துவிட்டது' என்பதே அதிகாரபூர்வமான விளக்கம்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் 2003-04இலும் இதே ஏரிகள் வறண்டு நகரத்தின் குழாய்கள் காய்ந்துகிடந்தன. அந்த வறட்சியில்தான் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமானது. வீராணம் தண்ணீரும் 2004இல் வந்தது. அது வந்த கதையும் நினைவில் இருக்க வேண்டும். எழுபதுகளில் தொடங்கிய பழைய வீராணம் திட்டத்தின் குழாய் ஒப்பந்தம் சர்க்காரியா ஆணையம் விசாரித்த விஷயங்களில் ஒன்று. சாலையோரம் கிடந்த அந்தப் பெரிய சிமெண்ட் குழாய்களுக்குள் வீடில்லாக் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் குடியிருந்தன. தண்ணீர் சுமக்கச் செய்த குழாய் முப்பது ஆண்டுகள் மனிதர்களைச் சுமந்தது. அதற்காகத் தண்டனை பெற்றவர் எவரும் இல்லை.

2003இல் பாடம் கற்றவர்கள் 2019இல் அதே தேர்வில் தோற்றால், அதை வானத்தின் மேல் போட முடியாது. அதே ஆண்டு கொண்டுவந்த நிலத்தடி நீர் மேம்பாட்டு, மேலாண்மைச் சட்டத்தை 2013இல் நீக்கியது மழை அல்ல. மழைநீர்த் தொட்டிகள் பெயருக்குக் கட்டப்பட்டு மண் மூடிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்ததும் மழை அல்ல. நகரத்துக்காகத் திருவள்ளூர்ப் பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கியபோது, கிணற்றுக்காரருக்குப் பணம் போனது. அந்த வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு வேலை போனது. அவருக்கு யாரும் எதுவும் தரவில்லை.

இன்னொரு செய்தி இந்தப் பேச்சில் அடிபடாமலே போய்விட்டது. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்படவில்லை. தனி அலுவலர் ஆட்சி. அதாவது நகரம் கண்ட மிகப் பெரிய தண்ணீர்த் தட்டுப்பாடுகளில் ஒன்றின்போது, காலிக்குடத்தோடு போய் நிற்க ஒரு கவுன்சிலர் வாசல்கூட நமக்கு இல்லை. அதே இடைவெளியில்தான், 2018இல், கோவை மாநகராட்சியின் குடிநீர் விநியோகத்தை 26 ஆண்டுகளுக்கு சூயஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது அங்கும் மன்றம் இல்லை. அன்று பிறந்த பெண் குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பின்னும் நடப்பில் இருக்கப்போகும் ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றமும் உட்கார்ந்திராத நேரத்தில் முடித்தார்கள்.

தேர்தல் இல்லாத இடத்தில் பொதுக்குழாய் எவ்வளவு கொடியதாக மாறும் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம் சாட்சி. அங்கே குடிநீர் தனியார் கையில் இல்லை. நகர அரசின் சொத்து. ஆனால் நிதி நெருக்கடி என்று சொல்லி, மிச்சிகன் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளரிடம் நகர மன்றத்தின் அதிகாரம் போயிருந்தது. 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. கருப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. தாய்மார்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்க் காட்டினார்கள். தண்ணீர் பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதைக் கணக்கோடு வெளியிட்டபோதும் முதலில் அவரைத்தான் குறை கூறினார்கள். பிறகு 62 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியிருந்தது. ஆனால் குற்ற வழக்குகளில் ஒருவரும் சிறைக்குப் போகவில்லை.

அந்தத் தாய்மார்களின் கண்ணும் மூக்கும் நாக்கும் சொன்னதை அதிகாரம் 'பதற்றம்' என்றது. இங்கும் அப்படித்தான். 'தண்ணி நாறுது சார்' என்று ஒரு பெண் சொன்னால் 'கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கம்மா, சரியாயிடும்' என்பதுதான் பதில். ஆய்வுக்கூட அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு, முப்பது ஆண்டுகளாக அதே தண்ணீரில் உலை வைத்தவரின் மூக்குக்கு இல்லை.

*

'அரசு நடத்தினால் இப்படித்தான். தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகும்' என்று சொல்லப் பலர் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: நான் கேட்பது அது அல்ல. பொலிவியாவின் கொச்சபாம்பாவில் 2000ஆம் ஆண்டு தனியாரிடம் போன தண்ணீரை மக்கள் தெருவில் இறங்கித்தான் மீட்டார்கள். பாரிஸ் நகரம் தனியார் நிறுவனங்களிடமிருந்த விநியோகத்தை 2010இல் திரும்ப எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, பயனாளர்களும் குடிமக்களும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஓர் அவையையும் சேர்த்தே அமைத்தது. சொத்து பொதுவில் இருப்பது முதல் படி. பொதுமக்கள் முன் கணக்குக் காட்டுவது இரண்டாவது படி. இந்த இரண்டாவது படி இங்கே கட்டப்படவே இல்லை. அந்தக் குறையைக் காட்டி முதல் படியையும் இடிக்கச் சொல்கிறார்கள்.

'பொது' என்று எழுதிவைத்தால் மட்டும் ஒரு நீர்நிலை பொதுவாகிவிடாது என்பதை அம்பேத்கர் நமக்குக் காட்டினார். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சி 1924இல் தன் சவ்தார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்தின் பொய் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்காக அடியும் பட்டார்கள்.

இன்றும் பொதுத் தண்ணீரின் மறுபாதியில் சாதி இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் ஒரே வாரியத்தின் வேலை. கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடையிலும் இறந்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. மனிதக் கழிவகற்றும் வேலைக்குத் தடை விதித்த சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. உள்ளே இறங்கியவர் ஒப்பந்தக்காரரின் ஆள், அந்த ஒப்பந்தக்காரரும் யாரிடமோ துணை ஒப்பந்தம் எடுத்தவர் என்று சங்கிலி நீளும்போது, அதன் கடைசிக் கண்ணியில் கைக்குழந்தையோடு அலுவலக வாசலில் நிற்பவர் அவர் மனைவி. இறந்தவர் யாருடைய ஆள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தண்ணீர் வராத பெண்ணையும் புருஷனை இழந்த பெண்ணையும் ஒரே வாரியத்தின் ஒரே மௌனம்தான் எதிர்கொள்கிறது.

*

நம்மிடம் இருப்பதாகச் சொல்லப்படும் ஆயுதம் காலிக்குடம். செய்தி எப்போதும் ஒரே அச்சில் வரும்: குடிநீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடங்களுடன் சாலை மறியல், போக்குவரத்து பாதிப்பு, அதிகாரிகள் வந்து சமாதானப் பேச்சு, 'விரைவில் நடவடிக்கை' என்ற உறுதியை ஏற்றுக் கலைந்து சென்றனர். அன்று மாலை ஒரு லாரி வரும். ஒரு மறியலுக்கு ஒரு லாரி.

மறியலைக் குறைத்துச் சொல்லவில்லை. அதுவும் இல்லாவிட்டால் அந்த லாரியும் வராது. ஆனால் கவனியுங்கள்: உறுதி கொடுத்த அதிகாரியின் பெயர் செய்தியில் வராது. 'விரைவில்' என்றால் எத்தனை நாள் என்று இராது. நாம் கலைந்துசென்ற பின் எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்த கோடையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கத்தியவரைச் சமாதானப்படுத்துவதை நாம் பதில் சொல்வதாக எடுத்துக்கொண்டுவிட்டோம்.

அரசு விழாக்களில் தண்ணீர் பற்றிப் பேசும்போதெல்லாம் வள்ளுவரின் வான்சிறப்பு அதிகாரம் மேடையேறும். தொடர்ந்து 'தாய்மார்கள் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்' என்ற அறிவுரை வரும். நான் வகுப்பில் புறநானூற்றின் 18ஆம் பாட்டை நடத்தும்போது ஒன்றைச் சொல்வேன். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்துப் பாடிய பாட்டு அது. உனக்குப் புகழ் வேண்டுமா, பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கிவை என்று அரசனிடம் சொல்கிறார் புலவர். நீருக்குக் கணக்கு அரசனிடம் கேட்கப்படுகிறது. ஊர்ப் பெண்களைப் பார்த்து 'அளவாகச் செலவழியுங்கள்' என்று அவர் பாடவில்லை. ஈராயிரம் ஆண்டுகளில் கேள்வி திசைமாறி நம் பக்கம் திரும்பிவிட்டது.

அதைத் திரும்பவும் அரசின் பக்கம் திருப்ப வேண்டும். ஏரிக்கணக்கைப் போலத் தெருக்கணக்கும் அன்றாடம் வெளியாக வேண்டும்: திறந்த நேரம், அளவு, லாரி நடை, தரச்சோதனை முடிவு. எந்தத் துறையின் தவறானாலும் முதலில் பதில் சொல்ல ஒவ்வொரு வார்டுக்கும் பெயரோடு ஓர் அதிகாரி இருக்க வேண்டும். எந்த வாரியத்தைப் பார்ப்பது என்று தேடி அலைவது அவர் வேலையாக இருக்கட்டும், நம் வேலையாக வேண்டாம். குறித்த நாளில் தண்ணீர் வராவிட்டால், விண்ணப்பம் எழுதாமலே அந்த நாளின் கட்டணம் கழிய வேண்டும். வாரியத்தின் குழுவில் குடிசைப்பகுதிப் பெண்களுக்கும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கும் சட்டப்படி இடம் வேண்டும். கட்சி நியமிக்கும் இடமாக அல்ல, வார்டு சபைகள் அனுப்பிவைக்கும் இடமாக. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தண்ணீர் பற்றிய நீண்டகால ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்று சட்டம் வேண்டும்.

இதற்கெல்லாம் காலமாகும். நாளைக்கே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பின் தகவல் ஆணையம். 'ஏன் தண்ணீர் வரவில்லை?' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்ற கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வரும். 'எங்கள் தெருவுக்குச் சென்ற மாதம் வந்த லாரி நடைகளின் பதிவேட்டு நகல் தேவை' என்று கேளுங்கள். 'கடைசி மூன்று தரச்சோதனை அறிக்கைகளின் நகல் தேவை' என்று கேளுங்கள். பதில் வந்தால் அது ஆவணம். வராவிட்டால் வராததும் ஆவணம்.

சென்ற ஆண்டு முதல், வருகைப்பதிவுப் படிவத்தோடு வரும் மாணவிகளிடம் நான் 'உடம்பு சரியில்லை' என்று எழுதச் சொல்வதில்லை. உண்மையிலேயே காய்ச்சல் என்றால் காய்ச்சல். தண்ணீர் என்றால், 'தெருவில் குடிநீர் குறித்த நேரத்தில் வரவில்லை' என்றே எழுதச் சொல்கிறேன். தேதிகளையும் கேட்டு எழுத வைக்கிறேன். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். இப்படியொரு காரணம் பட்டியலிலேயே இல்லை என்றார்கள். 'இருக்கட்டும், சேருங்கள்' என்றேன். கையெழுத்துப் போட்டு ஒரு நகல் நானும் வைத்துக்கொள்கிறேன். அந்தத் தேதிகளுக்கான லாரிப் பதிவேட்டைக் கேட்டு மாணவிகளே தகவல் உரிமை மனு எழுதுகிறார்கள். தமிழ் வகுப்பில் அலுவல் கடிதம் எழுதும் பயிற்சி பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இதுவரை கற்பனை அதிகாரிகளுக்கு எழுதிப் பழகினார்கள்.

பழைய அந்த மாணவிக்கு நான் கொடுத்த அறிவுரை தவறு. அவள் சரியான காரணத்தைத்தான் எழுத வந்தாள். கட்டம் சின்னதாக இருந்தது, ஆனால் 'தண்ணி லாரி' என்ற இரண்டு சொற்களுக்கு அதில் இடம் இருந்தது.